ஐம்பது கிலோமீட்டர் நீலம்

காரியாபட்டியில் மலை இல்லை. ஆனால் மலை தெரியும். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நல்ல மழை பெய்து வெறித்த மறுநாள், விடிந்ததும் கண்மாய்க் கரையில் ஏறி மேற்கே பார்க்க வேண்டும். அடிவானத்தை ஒட்டி மெல்லிய நீலக் கோடு ஒன்று ஓடும். அது சாப்டூர், சதுரகிரிப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை. நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். கோடையில் வாரக்கணக்கில் அங்கே அப்படியொன்று இருக்கும் சுவடே தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகைக் காலையில் அதைப் படம் எடுத்தேன். முன்னால் உழுது போட்ட கரிசல், நடுவில் சீமைக்கருவேல வரிசை, பின்னால் மலை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் மலை மங்கிக் கிடந்தது, மண் சாம்பல் பூத்திருந்தது. மூட்டத்தை நீக்கும் பட்டியைக் கடைசிவரை தள்ளினேன். நிறத்தை ஏற்றினேன். காலை வெயில் போல இருக்கட்டும் என்று மஞ்சளும் கொஞ்சம் கூட்டினேன். எனக்குப் பிரமாதமாகத்தான் இருந்தது. அந்தப் புஞ்சையிலேயே நாற்பது வருடம் பாடுபட்ட சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“எந்த ஊருப்பா இது?”

“நம்ம கண்மாய்க்கரைதான் சித்தப்பா.”

“மலை எப்ப இம்புட்டுக் கிட்டக்க வந்துச்சு?” என்றவர், விரலைக் கீழே நகர்த்தினார். “கரிசலச் செவலாக்கி வச்சிருக்க. இதுல பருத்தி போட்டா வெளங்குமா?”

படம் நன்றாக இல்லை என்று அவர் சொல்லவில்லை. தூரம் தப்பு, மண் தப்பு என்றார். இரண்டும் தனித்தனிக் குற்றச்சாட்டு; இரண்டுக்கும் பின்னால் இருக்கும் இயற்பியலும் வேறு வேறு.

தூரத்துக்கு முன்னால், மலையின் அளவைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அதன் அகலம் உங்கள் கண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு டிகிரி. மலை 1,500 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் பூமியின் வளைவு அதன் அடிவாரத்தில் 150 மீட்டருக்கு மேல் மறைத்துவிடும். மிச்சம் தெரிவது ஒன்றரை டிகிரிதான், கட்டைவிரல் அகலம்கூட இல்லை. செல்போனைப் படுக்கைவாட்டில் பிடித்தால் அதன் முதன்மைக் கேமரா மேலிருந்து கீழாக ஐம்பது டிகிரி வரை பார்க்கும். ஐம்பதில் ஒன்றரை என்றால் நூற்றுக்கு மூன்று. படத்தில் மூவாயிரம் வரிசைப் புள்ளிகள் இருந்தால் மலைக்குக் கிடைப்பது தொண்ணூறு வரிசை. நேரில் பெருசாத் தெரிஞ்சது, போட்டோவுல காணோமே என்று எல்லோரும் குறைப்படுவது இதனால்தான். மூளை தனக்கு எது முக்கியமோ அதில் கவனத்தைக் குவித்துவிட்டு மற்றதை மறந்துவிடும். கேமராவுக்கு மலையும் ஒன்றுதான், மின்கம்பமும் ஒன்றுதான்.

டெலி லென்ஸ் போட்டு மலையைப் பெரிதாக்குவது பித்தலாட்டமா? என்னைக் கேட்டால் இல்லை. எந்தப் பொருள் எதற்கு முன்னால், எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது, லென்ஸைப் பொறுத்ததல்ல. அகன்ற படத்தின் நடுத்துண்டை வெட்டிப் பெரிதாக்கினாலும் அதே காட்சிதான் கிடைக்கும்.

சித்தப்பாவின் கண்ணில் பட்டது அளவல்ல, மூட்டம் இல்லாதது.

மலை ஏன் நீலமாக இருக்கிறது? சாப்டூருக்குப் பஸ் ஏறிப் போய் அடிவாரத்தில் நின்று பார்த்தால் அது பச்சையும் பாறையும்தான். நீலம் நடுவழியில் சேர்கிறது. சூரிய ஒளி காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது குறுகிய அலைநீளங்கள் அதிகம் சிதறுகின்றன. சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக இருக்கும் என்று ராலே பிரபு 1871-இல் காட்டினார். 450 நானோமீட்டர் நீலமும் 650 நானோமீட்டர் சிவப்பும் ஒன்றாக வந்தால் நீலம் நான்கு மடங்குக்கு மேல் சிதறும். ஆக, நமக்கும் மலைக்கும் நடுவில் உள்ள காற்று முழுக்கத் தானே மங்கலாக நீலமாய் ஒளிர்கிறது. இருண்ட மலை அதற்குப் பின்னால் கட்டிய கறுப்புத் திரை. அந்த நீலம் மலையுடையது அல்ல, கள்ளிக்குடிக்கும் தே.கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் மேலே நிற்கிற காற்றினுடையது.

வெண்மூட்டம் வேறு சங்கதி. தூசி, புகை, ஈரத்துளி போன்ற துகள்கள் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ இருந்தால் எல்லா நிறத்தையும் கிட்டத்தட்டச் சமமாகச் சிதறடிக்கும். இதற்கான கணக்கை 1908-இல் எழுதியவர் ஜெர்மானியர் குஸ்டாவ் மீ. இந்தத் துகள்களுக்கு இன்னொரு குணம் உண்டு: ஒளி போகும் திசையிலேயே முன்னோக்கி அதிகம் சிதறடிக்கும். அதனால் காரியாபட்டியிலிருந்து மலையைப் பார்க்கச் சாயங்காலம் உதவாது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது மூட்டம் முழுவதும் நம் முகத்தில் பளீரென்று விழும். காலையில் வெயில் நம் முதுகுப்பக்கம். மலை மேல் விழுந்து திரும்பி வரும். போட்டோகிராபர்கள் ஆசையாகப் போடும் போலரைசர் ஃபில்டரும் அந்த நேரத்தில் பெரிதாகக் கைகொடுக்காது. வானொளி அதிகம் முனைவாக்கம் பெறுவது, அதாவது ஒரே தளத்தில் அதிர்வது, சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளித்தான். சி.வி.ராமன் 1921-இல் கப்பலில் ஊர் திரும்பும்போது நிகோல் பட்டகம் ஒன்றைக் கண்ணில் வைத்து, கடல் மேற்பரப்பின் பிரதிபலிப்பை வடிகட்டிவிட்டு, தண்ணீருக்குள்ளிருந்து வரும் நீலத்தைப் பார்த்தார் அல்லவா, அதே தத்துவம்தான் இந்த ஃபில்டரும்.

தீபாவளிக்கு மறுநாள் மலையைத் தேடவே வேண்டாம். கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகப் போகாது. பொட்டாசியம் உப்புகளாக, நுண்துகளாக மிஞ்சும். ஐப்பசி ஈரத்தை உறிஞ்சி அவை ஊதும். ஊதினால் இன்னும் அதிகமாக ஒளியைச் சிதறடிக்கும். சிவகாசிச் சரக்கு ஊரெல்லாம் வெடித்த பிறகு எங்கள் நீலக்கோடு வெள்ளைக்குள் போய்விடும்.

எவ்வளவு தூரம் வரை கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு வானிலை அறிஞர் கோஷ்மீடர் 1924-இல் ஒரு வாய்பாடு கொடுத்தார். கறுப்புப் பொருளுக்கும் பின்னாலுள்ள வானத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாடு நூற்றுக்கு இரண்டாகக் குறையும் தூரமே பார்வைத் தொலைவு. பார்வைத் தொலைவு நூறு கிலோமீட்டராக உள்ள அபூர்வமான நாளில், ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் மலையின் வேறுபாடு நூற்றுக்குப் பதினான்கு. பார்வைத் தொலைவு இருபது கிலோமீட்டர் என்றால் அந்த வேறுபாடு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். அப்போது எந்த மென்பொருளாலும் மலையைக் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் அது வரைந்த மலை.

நடுவில் இருக்கும் நாட்களில்தான் மூட்டம் நீக்கும் வித்தை வேலை செய்கிறது. இதில் பெரிய திருப்பம் 2009-இல் ஹி கைமிங்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஓர் ஆய்வு. அவர்கள் கவனித்தது எளிய விஷயம். மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில் வானத்தை விட்டுவிட்டு எந்தச் சின்னப் பகுதியை எடுத்தாலும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்று ஏதோ ஒரு புள்ளியில் கிட்டத்தட்ட இருட்டாக இருக்கும்; ஒரு நிழல், ஓர் இலை, ஈர மண் அதைக் கொடுத்துவிடும். இருட்டாக இருக்க வேண்டிய அந்தப் புள்ளி வெளுத்திருந்தால், வெளுப்பு எவ்வளவோ அவ்வளவு மூட்டம். மூட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம். அதாவது கம்ப்யூட்டர் முதலில் மலை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தோராயமாக ஊகிக்கிறது, பிறகு அந்தத் தகவலைப் படத்திலிருந்து கழிக்கிறது. சித்தப்பாவின் கண்ணும் வெளுப்பை வைத்தே தூரத்தை அளந்து பழகியது. அளவுகோலை நான் பிடுங்கிவிட்டேன். மலை கிட்டக்க வந்துவிட்டது.

மண்ணுக்கு வருவோம். இங்கே கதை தலைகீழ்.

கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் என்று நம்பும். வழக்கமாகச் சொல்லும் கணக்கு, விழும் ஒளியில் நூற்றுக்குப் பதினெட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல். ஈரக் கரிசல் அதைவிட எவ்வளவோ இருட்டு. சட்டத்தின் பெரும்பகுதியைக் கரிசல் நிரப்பினால், வெளிச்சம் போதவில்லை என்று கேமரா தானாக ஒளியைக் கூட்டும். கறுத்த மண் சாம்பலாகும், வானம் வெளிறிப் போகும். கல்யாண வீட்டில் கறுப்புக் கோட்டு மாப்பிள்ளை சாம்பல் கோட்டில் விழுவதும் இதே கோளாறுதான். எடிட்டிங்கே செய்யாத என் படத்தில் இருந்த மண்தான் பொய். அதைக் கறுக்க வைப்பது திருத்தம். நான் அதைச் செய்யாமல் மஞ்சளைக் கூட்டினேன். சாம்பல் மண் செவல் பக்கம் சாய்ந்தது. மண்ணின் நிறத்தை வைத்து இந்த ஊரில் விதை வாங்குகிறார்கள். கரிசல் பருத்திக்கு, செவல் கடலைக்கு. ஒயிட் பேலன்ஸ் பட்டியை இரண்டு புள்ளி நகர்த்தியதில் ஒரு புஞ்சையின் வெள்ளாமையையே மாற்றியிருந்தேன்.

“நான் எடிட்டே பண்றதில்ல, அப்படியே போடுவேன்” என்று பெருமையாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றல்ல. அவர்களுக்குப் பதில் வேறு யாரோ எடிட் செய்திருக்கிறார்கள். பெரும்பாலான கேமராக்களில் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அடுக்கில் பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். மிச்ச நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறார்கள். நீங்கள் பார்க்கும் பெரும்பாலான டிஜிட்டல் படங்களில் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு கணக்குப் போட்டு வந்தது. அதற்கு மேல் செல்போன் ஒரே அழுத்தலில் பல சட்டங்களை எடுத்து ஒட்டும். பல போன்கள் இது வானம், இது இலை என்று பிரித்து வானத்துக்கு நீலமும் இலைக்குப் பச்சையும் ஏற்றும். சீமைக்கருவேலின் அழுக்குப் பச்சை நாற்றங்கால் பச்சையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். வறண்ட ஊர் செழித்துவிடும், ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல்.

இந்த வேலை புதிதில்லை. காரியாபட்டியிலிருந்து வடக்கே மதுரையைத் தாண்டினால் ஒத்தக்கடையில் யானைமலை. 1858-இன் தொடக்கத்தில் அதைப் படமெடுத்தவர் கேப்டன் லினேயஸ் டிரைப், சென்னை ராஜதானி அரசின் போட்டோகிராபர். அந்தக் காலத்து மருந்துப் பூச்சுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டுமே உறைக்கும். பச்சையும் சிவப்பும் பிடிபடாது. எனவே நிலம் பதியும்வரை லென்ஸைத் திறந்து வைத்தால் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளையாக, திட்டுத்திட்டாக விழும். தூர மலையும் நீலம் என்பதால் அந்த வெள்ளையில் கரையும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? மெழுகு பூசிய காகித நெகட்டிவ்கள் பலவற்றின் பின்புறத்தில் தூரிகையால் சாயம் தொட்டு மேகங்களை வரைந்தார். மரங்களின் இலைகளையும் தொட்டு எழுதினார். நம் ஊர் ஸ்டுடியோக்களில் பென்சிலால் ‘டச்சிங்’ செய்வதற்கு எத்தனையோ வருடம் முந்தைய டச்சிங் அது. அதே டிரைப் அதே 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைச் சுற்றி வந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். கல்வெட்டு ஆவணம். அங்கே ஓர் எழுத்து பிசகினாலும் வேலை வீண். அங்கே துல்லியம் தேடியவர், வானத்தில் தாராளம் காட்டினார். அவர் மனதில் எல்லை எங்கே இருந்தது என்பது எனக்குப் புரிகிறது.

எழுபது வருடம் கழித்து அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் நேர் எதிர்த் திசையில் போனார். 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுக்கும்போது லென்ஸ் முன் அடர்சிவப்புக் கண்ணாடியை வைத்தார். காற்றின் நீலம் முழுக்க வடிகட்டப்பட்டு வானம் கிட்டத்தட்டக் கறுத்தது. இன்று மென்பொருள் செய்வதை அவர் கண்ணாடித் துண்டால், ஷட்டரை அழுத்தும் முன்பே செய்தார். அந்த வானத்தை யாரும் உண்மை என்று நினைக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படமே நான் நிஜமில்லை என்று சொல்லிவிடுகிறது.

எங்கள் மாவட்டத்திலேயே அப்படி வெளிப்படையாகப் பொய் சொல்லும் மலைகள் கோடிக்கணக்கில் அச்சாகியிருக்கின்றன. சிவகாசி காலண்டரில் மலை வந்தால் அதன் கீழே பச்சைப் புல்வெளி, ஏரி, ஏரியில் ஒரு படகு நிச்சயம். சியான், மெஜந்தா, எல்லோ, பிளாக் என்ற நான்கு மையால் கம்ப்யூட்டர் திரையின் பளிச்சென்ற நீலத்தைக் காகிதத்தில் கொண்டுவரவே முடியாது. சியானோடு மெஜந்தா கொஞ்சம் கூடிவிட்டால் வானம் கத்தரிப்பூவாகிவிடும். அதனால் பிளேட் போடும் முன்பே வானத்தைக் கையாண்டுதான் ஆக வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரில் சின்ன வயதில் தொங்கிய மலைகள் அவை. அதைப் பார்த்து யாரும் சாத்தூர்ப் பக்கம் படகு தேடிப் போகவில்லை. காலண்டர் கனவுக்கு, அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ‘எங்கள் ஊர்’ என்று பெயர் எழுதிப் போடும்போது. நேஷனல் ஜியாகிரபிக் 1982 பிப்ரவரி அட்டையில் படம் செங்குத்துச் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று கீஸா பிரமிடுகளை நெருக்கி வைத்தது. இன்றுவரை அந்தப் பேச்சு ஓயவில்லை. மலை விஷயத்தில் இது நமக்குக் கூடுதலாகவே பொருந்தும். காரியாபட்டி வட்டாரத்தில் பாறை இருக்கிற இடத்தில் குவாரியும் இருக்கிறது. 2024 மே 1 அன்று ஆவியூர் பக்கத்துக் கல்குவாரியில் வெடிமருந்து வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். குன்றின் ஒரு பக்கம் வெள்ளையாக வெட்டுண்டு நிற்பதைப் படத்திலிருந்து அழிக்க இப்போது விரலால் ஒரு தடவு போதும். மின்கம்பியை அழிக்கலாமா, செல்போன் டவரை அழிக்கலாமா என்று இளைஞர்கள் கேட்டால் காலண்டருக்கானால் அழியுங்கள் என்பேன். குவாரி வெட்டை மட்டும் எதற்காகவும் அழிக்க வேண்டாம். ஒரு குன்று எந்த வருடம் எவ்வளவு இருந்தது என்பதற்கு நாளைக்குச் சாட்சி உங்கள் படமாக இருக்கலாம். டிரைப்பின் யானைமலையை இன்றைய யானைமலையோடு ஒப்பிட முடிவது, அவர் மேகத்தோடும் இலையோடும் நிறுத்திக்கொண்டு பாறையைத் தொடாமல் விட்டிருந்தால்தான்.

கடைசியில் நான் வைத்துக்கொண்ட விதி இதுதான். கேமரா செய்த தப்பைத் திருத்தலாம், காற்று செய்ததை அழிக்கக்கூடாது. கரிசலைக் கறுப்பாக்கலாம், சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்தலாம், மலைக்கும் வானத்துக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் தூக்கலாம். கொஞ்சம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. சாதாரண ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மங்கிய மலை அதில் ஒரு டஜன் படிக்குள் அடங்கிக் கிடந்தால், அதை இழுத்து நீட்டும்போது வானம் பட்டை பட்டையாக உடையும். உடையத் தொடங்கினால் கையை எடுத்துவிட வேண்டியதுதான். கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் 4,096 முதல் 16,384 படிகள் வரை இருப்பதால் அங்கே இடம் அதிகம். ஆனால் இடம் இருக்கிறதே என்பதற்காக ஓடக் கூடாது.

அந்தக் கார்த்திகைப் படத்தை ரா கோப்பிலிருந்து மறுபடி செய்தேன். மண்ணைக் கறுக்க வைத்தேன். மூட்டத்தை விட்டுவிட்டேன். சித்தப்பா பார்த்தார். இந்த முறை ஊர் எது என்று கேட்கவில்லை. “கார்த்திகையில எடுத்ததா? மழ வெறிச்ச மறுநா மாதிரி இருக்கே” என்று மட்டும் சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். விருப்பக்குறி எத்தனை விழுந்தது என்றால், பழைய பளபளப் படத்துக்கு விழுந்ததில் பாதிகூட இல்லை.

வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிச் சுற்றுகளை எட்டியவர்களிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிடுகிறார்கள். 2015-இல் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் ஐந்தில் ஒன்று அப்படி ஒப்பிட்டதில் வெளியே போனது. நம்மிடம் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் மலையை எடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எடிட் செய்ததை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். எந்த இடத்தில் நின்று, எந்தத் திசை பார்த்து, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று அதோடு ஒரு வரி எழுதி வையுங்கள். டிரைப் தீட்டிய மேகங்களின் சாயம் 160 வருடம் கழித்தும் அவருடைய நெகட்டிவ்களின் பின்புறத்தில் அப்படியே இருக்கிறது. எது வானம், எது அவர் கை என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.